கபிலர் கண்ட மலையும் ஏலத்தார் கண்ட மலையும்

முன்னுரை

பாரியைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்களைக் கற்பார் பெரும்பாலும் அவனுடைய கொடைச் சிறப்பைக் கண்டு அவ்வளவில் அமைவர். முல்லைக்குத் தேர் ஈந்தான் என்னும் ஒரு செய்தி பிற செய்திகளை எல்லாம் மறைத்து நிற்கின்றது. ஆயின் கபிலர் பாடல்களை வரிசைப்பட வைத்து நோக்குவார்க்குப் பிறிதொன்று புலனாகும். பாரி பேசப்படும் அளவிற்கு அப்பாடல்களிற் பறம்பும் பேசப்படுகின்றது. வேந்தர் மூவர் ஒரு மலையைச் சூழ்ந்தனர், மலைக்குரியார் எதிர்நின்றனர், முடிவில் மலை கொள்ளப்பட்டது. இந்நிகழ்ச்சியில் மலை போர் நடந்த இடம் மாத்திரமோ, அன்றிப் போரின் பொருளே அதுவோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சிக்கு இன்று ஒரு தேவை நேர்ந்துள்ளது. மருங்காபுரியிலிருந்து தெற்கே செல்வார், பறம்பு என்று அறிஞர் பலர் கொள்ளும் பிரான்மலையை ஒரு பக்கத்தே கண்டு, கொட்டாம்பட்டி வழியாக மேலூரை அடைவர். மேலூரை அடுத்த குன்றுகளின் அடியில் உள்ளது அரிட்டாபட்டி. இவ்வூரையும் மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, வல்லாளப்பட்டி, கிடாரிப்பட்டி முதலிய அண்டை ஊர்களையும் உள்ளிட்ட 2,015.51 எக்டர் நிலப்பரப்பில் டங்சுடன் என்னும் உலோகக் கனிமத்தை எடுப்பதற்கு நடுவணரசின் சுரங்க அமைச்சகம் ஏலம் விட்டது. வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் ஏலத்தில் முன்னின்றது என்னும் அறிவிப்பு 2024 நவம்பர் 7-ஆம் நாள் வெளிவந்தது. ஊரார் எதிர்த்தனர். 2025 சனவரி 23-இல் அமைச்சகம் அவ்வேலத்தை நீக்கியது.

பறம்பின் போர் மலைக்குரியார் தோல்வியில் முடிந்தது. அரிட்டாபட்டியின் போராட்டம் அவர்தம் வெற்றியில் முடிந்தது. முடிவு வேறாயினும் இரண்டிலும் எழுந்த வினா ஒன்றே. ஒரு மலையை மதிப்பிடுவார் யார்? எதனைக் கொண்டு மதிப்பிடுவர்? இவ்வினாவிற்குக் கபிலர் பாடல்கள் தரும் விடையைத் தெளிதலே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைக்குறிப்பும் பாட்டும்

புறநானூற்றின் 109, 110, 111 ஆகிய மூன்று பாடல்களும் நொச்சித் திணையின என்றும், மகள் மறுத்தல் என்னும் துறையின என்றும் பழங்குறிப்புக் கூறும். பாரியின் மகளிரை வேந்தர் வேண்ட, அவன் மறுத்தமையால் போர் மூண்டது என்பது இதனாற் பெறப்படும் செய்தி. பின்வந்த உரைகளும் வரலாறுகளும் இதனையே அடிப்படையாகக் கொண்டன.

ஆயின் மூன்று பாடல்களையும் சொல் சொல்லாக ஆராய்ந்தால் ஒரு வியப்புத் தோன்றும். அவற்றுள் ஒன்றிலேனும் மகட்கொடை பற்றிய சொல் இல்லை. 109-ஆம் பாடல் மலையின் விளைவுகளைக் கூறி, வேந்தர் தம் முயற்சியால் அதனைக் கொள்ள இயலாது என்கின்றது. 110-ஆம் பாடல், பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் முன்னரே பெற்றுவிட்டனர். எஞ்சியவர் புலவரும் பாரியுமே. எஞ்சிய பொருள் குன்று ஒன்றே என்கின்றது. 111-ஆம் பாடல் அக்குன்று வேலுக்கு அரிது, பாடி வரும் கிணைமகளுக்கு எளிது என்று முடிகின்றது. மூன்றிலும் கேட்கப்படும் பொருளும் மறுக்கப்படும் பொருளும் குன்றேயன்றிக் குமரியர் அல்லர்.

பாரி மகளிர் கூற்றாக அமைந்த 112-ஆம் பாடல் இக்கருத்தினை மேலும் வலியுறுத்தும். போருக்குக் காரணமானார் என்று கூறப்படும் அம்மகளிர் தம்மைப் பற்றியோ தம் மணத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் உரைத்திலர். சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் பிறர் கைப்படாது இருந்தது. இத்திங்களின் நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை என்பதே அவர்தம் புலம்பல். இழந்தவை இரண்டு என்று எண்ணுங்கால், தந்தைக்கு நிகராக அவர் வைத்த மற்றொன்று மலை.

இதனாற் பழங்குறிப்பைப் பிழையென்று தள்ளுதல் எம் கருத்தன்று. கபிலர் பின்னர் அம்மகளிரை விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணம் வேண்டிய செய்தி 200, 201, 202-ஆம் பாடல்களால் விளங்கும். ஆதலின் மகட்கொடை பற்றிய பகை ஒன்று இருந்திருத்தல் கூடும். எனினும் துறை வகுத்தார் கண்ணும் பாடினார் கண்ணும் ஒன்றையே நோக்கவில்லை. துறை வகுத்தார் அரசர்க்கிடையே எழுந்த பகையின் காரணத்தை நோக்கினர். புலவர் அப்பகையால் அழிவதனை நோக்கினார். அழிவது மலை.

கணக்கு இரண்டு

109-ஆம் பாடலின் அமைப்பினை நோக்குக. பறம்பை எளியது என்று எண்ணற்க என வேந்தரை விளித்துத் தொடங்கிய புலவர், உடனே ஒரு கணக்கில் இறங்குகின்றார். உழவர் உழாமலே அம்மலை தரும் பயன்கள் நான்கு. ஒன்று மூங்கில் நெல், இரண்டு பலாப்பழம், மூன்று வள்ளிக்கிழங்கு, நான்கு தேன். பின்னர் மலையின் பரப்பை வானத்திற்கும், அதன் சுனைகளை விண்மீன்களுக்கும் ஒப்பிடுகின்றார். அதன்பின்னரே மரந்தோறும் யானை கட்டினும் வயல்தோறும் தேர் நிறுத்தினும் பயனில்லை என்னும் எச்சரிக்கை வருகின்றது.

முற்றுகையிடப்பட்ட அரணின் வலிமையைப் புகழும் பாட்டு இஃது என்பர். உள்ளே உணவு குறையாது. ஆதலின் முற்றுகை பயன்படாது என்பது அவர் கருத்து. அக்கருத்துப் பொருந்துவதே. ஆயினும் நான்கு பயன்களுக்கும் பொதுவாகிய ஓர் இயல்பு உண்டு. நெல்லும் பழமும் கிழங்கும் தேனும் எடுக்க எடுக்க மீண்டும் வருவன. எடுத்த பின்னும் மலை மலையாகவே இருக்கும். புலவர் மலையை அதன் உட்பொருளால் அளக்கவில்லை. அஃது ஆண்டுதோறும் தருவதனால் அளக்கின்றார். சங்கப் புலவர்க்கு மலையின் பொன்னும் மணியும் தெரியாதன அல்ல. பிற மலைகளைப் பாடுங்கால் அவற்றைப் பெருமிதத்துடன் பாடியுள்ளனர். அவ்வாறிருந்தும், மலையைக் கொள்ள வந்தார் முன் நின்று அதன் மதிப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் கபிலர் பொன்னைச் சொல்லவில்லை. மூங்கில் நெல்லைச் சொன்னார். பாட்டின் உயிர்நிலை இதுவே என்பது எம் துணிபு.

இனி அரிட்டாபட்டியைப் பற்றி எழுந்த கணக்குகளை நோக்குவாம். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193 எக்டருக்குச் சற்று மேற்பட்ட பகுதியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இம்மாநிலத்தில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு, பாண்டியர் குடைவரைக் கோயில், சமணர் படுக்கைகள், தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் என அவ்வறிவிப்பின் விவரங்கள் விரியும். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்த முறையினை அறிந்தார்க்கு இப்பட்டியல் புதிதன்று. அரசாணை தன்னை அறியாமலே கருப்பொருள் இலக்கணத்தைப் பின்பற்றியது போலும்.

ஏலக் கணக்கு வேறு. அதன்கண் அவ்விடம் ஓர் எண்ணிட்ட நிலத்துண்டு. அதன் பெயர் நாயக்கர்பட்டி டங்சுடன் தொகுதி. அதன் பொருள் நிலத்தடியிற் கிடக்கும் கனிமம். 3,400 பாகை செல்சியசிற்கு மேற்பட்ட வெப்பத்திலேயே உருகும் இவ்வுலோகம் கடினமான வெட்டுக் கருவிகளுக்கும் படைக்கலங்களுக்கும் இன்றியமையாதது. அதனை எடுப்பது ஒரு முறையே நிகழக்கூடியது. எடுத்தபின் மலை இராது. முதற் கணக்கு மலையை இருப்பாக வைத்து அதன் வரவை எண்ணுகின்றது. இரண்டாங் கணக்கு இருப்பையே வரவாக எண்ணுகின்றது. இரண்டும் தத்தம் அளவிற் பொய்யல்ல. ஆயினும் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதவியலாது என்பதனைக் கபிலர் பாட்டே நமக்கு உணர்த்துகின்றது.

கேட்கும் முறை

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை வேண்டும். பாரி மலையைக் கொடுக்க மறுத்தவன் என்று எளிதாகக் கூறிவிடலாகாது. வாளாற் கொள்ள இயலாத மலையைக் கொள்ளும் வழியினைக் கபிலரே கூறுகின்றார். சிறிய யாழை மீட்டி, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் வந்தால் நாட்டையும் குன்றையும் ஒருங்கே அவன் தந்துவிடுவான். ஆகவே மலை கைமாறக் கூடாதது என்பது கபிலர் கருத்தன்று. கைமாறும் முறை ஒன்றுண்டு. அம்முறையை வேந்தர் அறியார் என்பதே கருத்து. இப்பாடல்களில் அறத்தின் எல்லை கொடுத்தலுக்கும் கொள்ளலுக்கும் இடையே வகுக்கப்பட்டுள்ளது.

அரிட்டாபட்டிக் கல்வெட்டுச் சான்றும் இதனோடு ஒத்து நிற்றல் அறிந்து மகிழத்தக்கது. கழிஞ்சமலையின் குகையில் உள்ள தமிழிக் கல்வெட்டு, நெல்வெளியைச் சார்ந்த ஒருவன் அக்குகையை அமைத்துக் கொடுப்பித்தான் என்னும் பொருளது. 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த மீனாட்சிபுரம் மாங்குளம் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரும், அவன் பணியாளன் கடலன் வழுதியின் பெயரும், கணிநந்தி என்னும் துறவியின் பெயரும் வருகின்றன. வெள்ளறை நிகமத்தோர் என்னும் வணிகக் குழுவினரும் அங்கே கொடையாளராகக் குறிக்கப்படுகின்றனர். நிகமம் என்பது வணிகர் கூடிய நிறுவனம். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இம்மலைக்கு வணிக நிறுவனம் வந்துள்ளது, வந்தது ஈதற்பொருட்டு. ஆதலின் மலைக்கும் வணிகத்திற்கும் இயற்கைப் பகை உண்டு என்பது பொருந்தாது. வந்த முறையே வேறுபடுகின்றது.

2024-இல் வந்த முறை யாது? 2023-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத் திருத்தம் 24 இன்றியமையாக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை நடுவணரசிற்கே உரியதாக்கியது. டங்சுடன் அவற்றுள் ஒன்று. 2023 அக்டோபரிலேயே தான் இம்முறையை எதிர்த்து எழுதியதாக மாநில அரசு கூறிற்று. 2024 பிப்ரவரியில் ஏலம் தொடங்கியது முதல் நவம்பரில் முடிவு அறிவிக்கப்படும் வரை மாநிலத்திடமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை என நடுவணமைச்சகம் கூறிற்று. இவ்வழக்கில் எவர் உரை வலிது என்பது ஈண்டு ஆராய்ச்சியன்று. ஒன்று மாத்திரம் நோக்கத்தக்கது. இரு தரப்பார் எடுத்துக் காட்டிய நாட்களில் ஒன்றேனும் ஊராரைக் கேட்ட நாள் அன்று. ஊரார் குரல் முறையாகப் பதிவானது 2024 நவம்பர் 23-இல் கூடிய கிராமசபைகளிலே; ஏல முடிவு அறிவிக்கப்பட்டு 16 நாட்கள் கழிந்த பின்னர். டிசம்பர் 9-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7-இல் பல்லாயிரவர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கி நடந்தனர். கேட்டிருந்தால் முதலிலேயே அறிந்திருக்கக் கூடியதனை இரண்டு திங்களுக்கு மேற்பட்ட போராட்டத்தின் வாயிலாக அறிய நேர்ந்தது.

குளம் உடைதல்

கபிலரின் கையறுநிலைப் பாடல்களுள் மிகச் சிறியதும், போதிய அளவு ஆராயப்படாததும் 118-ஆம் பாடல். பாறைகளும் சிறு குன்றுகளும் சேர்ந்த தலைப்பினை உடையதாய், எட்டாம் பிறை போல் வளைந்த கரையினை உடையதாய் இருந்த ஒரு சிறுகுளம் உடைந்து போகின்றது. பாரியின் பறம்பு நாட்டிலே. பாட்டின் செய்தி இவ்வளவே. அரசன் வீழ்ந்தான் என்றோ அரண் இடிந்தது என்றோ இதன்கண் இல்லை. காப்பாரின்றிக் குளத்தின் கரை உடைதலே நாட்டின் அழிவுக்கு முழு அடையாளமாகின்றது.

இக்குளத்தின் அமைப்பு அப்பகுதியில் வாழ்வார்க்குப் பழக்கமானது. மருங்காபுரி தொடங்கி மேலூர் வரையிலும் கண்மாய்கள் பல இவ்வண்ணமே அமைந்தவை. ஒரு பக்கம் குன்று. மறுபக்கம் பிறைவடிவில் மண்கரை. குன்றின் மேல் விழும் மழை பாறையில் வழிந்து கண்மாயிற் சேரும். கண்மாய் நிரம்பி அடுத்த கண்மாய்க்குச் செல்லும். ஆதலின் குன்று வேறு, குளம் வேறு என்பது இல்லை. குன்று நீங்கின் குளத்திற்கு வரத்து இல்லை. சில இடங்களில் கரையே இல்லை. 109-ஆம் பாடலில் சுனைகளாக விரிந்த நீர் 118-ஆம் பாடலில் உடைந்த கரை வழியே ஓடிப்போகின்றது. இரு பாடல்களையும் சேர்த்து நோக்கினாலன்றிக் கபிலர் அழுகையின் அளவு விளங்காது.

இவ்வுண்மை அரிட்டாபட்டிப் போராட்டத்தின் ஒரு கூற்றினை விளக்க வல்லது. எதிர்ப்பு வலுத்தபோது, 2024 டிசம்பர் 24-இல் அமைச்சகம் ஒரு வழி கூறிற்று. பல்லுயிர்த் தலமாகிய பகுதியை விலக்கி எல்லையை மீண்டும் வகுக்க இயலுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆராய வேண்டும் என்பதே அது. அத்தலம் ஏலப் பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பறவையும் கல்வெட்டும் மாத்திரமே காக்கத்தக்கன என்றால் இவ்வழி போதுமானது. ஊரார் இதனை ஏற்றிலர். தாம் காக்க வந்தது கண்மாயும் வயலும் மேய்ச்சல் நிலமும் அடங்கிய முழுமையை என்பதில் அவர் தெளிவாக இருந்தனர். தலையை விட்டு உடலைக் கொள்ளலாம் என்பது போன்ற அவ்வழி, நீரின் போக்கினை அறிந்தாரிடம் செல்லவில்லை.

தடையும் விடையும்

இங்ஙனம் கூறுதல் சுரங்கத் தொழிலையே பழிப்பதாகும் எனத் தடை எழுப்புவார் உளர். அவர்க்குக் கோலார் தங்கவயலைச் சான்றாகக் காட்டலாம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய அச்சுரங்கங்களில் வடார்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அவற்றை மூடியபோது மூடாதீர் என்று வாதாடினவரும் அத்தமிழரே. மலையைக் காப்பாரும் தமிழர், சுரங்கத்தைக் காப்பாரும் தமிழர் என்றால் இலக்கியம் எவர் பக்கம் நிற்கும் என்பது தடை.

விடை வருமாறு. கோலார்த் தொழிலாளர் காக்க முயன்றதும் தம் வாழ்வின் வரவையே. சுரங்கம் எடுக்குந்தோறும் குறையும் இருப்பு; ஆதலின் ஒருநாள் முடிந்தது. பொன் சென்றது, சயனைடு கலந்த மண்மேடுகள் நின்றன. அவற்றின் தூசி இன்றும் காற்றில் எழுகின்றது. கபிலரின் கணக்கு அவர்க்கு எதிரானது அன்று. அவர்க்கு நேர்ந்ததனை விளக்குவது.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வியல்பு காணப்படும். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் வட மாரா தங்கச் சுரங்கத்தில், நிறுவனத்திற்கும் சுற்றுப்புற ஊரார்க்கும் நீண்ட காலம் பூசல் நிகழ்ந்தது. அங்கே ஊரார் பொன்னை வெறுத்தவர் அல்லர். பெருஞ்சுரங்கம் வருவதற்கு முன்னரே சிறு கருவிகளாற் பொன் எடுத்து வந்தவர். காவலர் சுட்டதனால் உயிரிழப்பும் காயமும் நேர்ந்தன என்று ஊரார் சிலர் 2013-இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கு 2015-இல் உடன்பாட்டில் முடிந்தது. பொன்னை வேண்டுவாரும் வேண்டாதாரும் என்பதன்று அப்பூசல். கேட்டுக் கொள்ளுதற்கும் கேளாது கொள்ளுதற்கும் இடையே எழுந்தது. பறம்பின் வழக்கும் அதுவே.

மற்றொரு தடையும் உண்டு. அது நம் போன்ற தமிழாசிரியரை நோக்கியது. பறம்பிற்கு உரியவன் வேள். அங்கே ஊரவை கூடித் தீர்மானித்ததாகப் பாட்டில் இல்லை. அதனை இன்றைய கிராமசபைக்குச் சான்றாக்குவது மிகையன்றோ? ஆம், மிகையே. முந்நூறு ஊர்களையும் பரிசிலர்க்கு ஈந்தபோது அவ்வூரார் கருத்து யாதென்று கபிலர் கூறிலர். பாரியை இன்றைய கொள்கைக்குத் தலைவனாக்க வேண்டுவதில்லை. பாட்டிலிருந்து நாம் பெறுவது அரசியல் முறையன்று. மலையை மதிப்பிடும் ஓர் அளவுகோல்.

முடிவுரை

அரிட்டாபட்டி ஏலத்தை நீக்குங்கால் பல்லுயிர்த் தலத்தின் சிறப்பும் பண்பாட்டு மரபும் காரணங்களாகக் கூறப்பட்டன. தமிழ் கற்றார்க்கு இது மகிழ்ச்சி தருவதே. கல்வெட்டு ஒரு மலையைக் காத்தது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயின் அப்பெருமையின் உள்ளே ஓர் இடர் இருக்கின்றது. கல்வெட்டு இல்லாத மலையின் நிலை யாது? புலவர் பாடாத குன்றின் நிலை யாது? மருங்காபுரியைச் சூழ்ந்து கிடக்கும் பொற்றைகள் பலவற்றிற்குத் தமிழியும் இல்லை, குடைவரையும் இல்லை, புறப்பாட்டும் இல்லை. பழமை ஒன்றே காப்பு என்று நாம் மொழிவோமாயின், பழமைச் சான்று இல்லாதனவற்றை ஏலத்திற்கு நாமே விட்டுக் கொடுத்தவர் ஆவோம்.

கபிலர் இவ்விடரில் வீழ்ந்திலர். பறம்பின் பெருமையை வேந்தர்க்கு உரைத்த பாட்டில் அவர் மலையின் தொன்மையைச் சொல்லவில்லை, கோயிலைச் சொல்லவில்லை, முன்னோர் பாடிய புகழைச் சொல்லவில்லை. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன், சுனை நீர் என்று அன்றாடம் உண்பனவும் பருகுவனவுமே சொன்னார். அழிவைச் சொன்ன பாட்டிலும் ஒரு சிறுகுளத்தையே சொன்னார். இவை எல்லாக் குன்றுகளுக்கும் உரியன. எழுத்து இல்லாத குன்றிற்கும் உரியன. ஊரார் கிராமசபையிற் கண்மாயைச் சொன்னதும் இம்மரபு பற்றியே எனலாம். அவர்க்கு நூல் வேண்டியதில்லை.

ஆகவே பறம்புப் பாடல்களை வள்ளல் ஒருவனின் புகழ்மாலையாக மாத்திரம் கற்பித்தல் போதாது. மலையை அதன் வரவால் அளந்து, கொள்ளும் முறையால் அறத்தை வகுத்து, குளத்தின் உடைவால் இழப்பை எண்ணிய ஒரு கணக்காகவும் அவற்றைக் கற்பித்தல் வேண்டும். துறைக்குறிப்பு மகளிரைச் சுட்ட, பாட்டு மலையைச் சுட்டுகின்றது. பாட்டைப் பின்பற்றுவதே கற்பார் கடன்.